நாலு வீல் கேப்பும் ஒரு டீ வடிகட்டியும்

(மண்டபம். கடலைப் பார்த்த ஒரு செல்போன் ரிப்பேர் கடை. ஏப்ரல் 15-ல் தொடங்கிய 61 நாள் தடைக்காலம். விசைப்படகுகளெல்லாம் கரையில் கிடக்கின்றன. ஃபைபர் போட் பட்டறை அருளப்பன் கக்கத்தில் ஒரு பார்சலோடு வருகிறார். உள்ளே மருமகன் ரூபன், கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அம்பாசடர் டாக்சியின் சின்ன மாடலுக்குப் பாகங்கள் செய்கிறான்; கோயமுத்தூர் மாடல்காரர் ஒருவரோடு பாகத்துக்குப் பாகம் மாற்றிக்கொள்வதாகப் பேச்சு.)

அருளப்பன்: மாப்ள, கரைஞ்சிருச்சு.

ரூபன்: கரைக்கு வந்துருச்சா? கோயமுத்தூர் பார்சல்தானே? குடுங்க மாமா.

அருளப்பன்: பார்சல் கரைக்கு வந்துருச்சு. அத அப்புறம் பிரிப்போம். கரைஞ்சது வேற. நீ குடுத்துட்டுப் போனியே, நாலு வெள்ளை வட்டம்...

ரூபன்: அச்சு எடுக்கிறதுக்கு வெட்டி வெச்ச வீல் கேப் மாஸ்டரா! என்ன செஞ்சீங்க?

அருளப்பன்: மோல்டு எடுத்துத் தர்றேன்னு சொன்னேன்ல? முப்பத்திரண்டு அடி போட்டுக்கு மோல்டு எடுக்கிறவனுக்கு, சட்டைப் பித்தான் சைஸு சாமான் எம்மாத்திரம்? வேக்ஸ் தேச்சேன், ரெசின்ல கேட்டலிஸ்ட் கலந்தேன், மேல ஊத்துனேன். கொஞ்ச நேரத்துல பாத்தா வட்டத்தையே காணோம். களி மாதிரி கெடக்கு.

ரூபன்: போட்டு ரெசினையா ஊத்துனீங்க? டின்னைத் தொறந்ததும் மூக்கைத் துளைக்குதுல்ல ஒரு வாடை, அது ஸ்டைரீன். பாலியஸ்டரை இளக்கி, ஊத்துற பதத்துல வெச்சிருக்கிறதே அதுதான். நான் வட்டம் வெட்டுன ஷீட்டு பாலிஸ்டைரீன். ரெண்டும் ஒரே வம்சம்.

அருளப்பன்: பங்காளிங்கிற.

ரூபன்: பங்காளி வீட்டுக்குள்ள பூந்தா செவுரு நிக்குமா? வேக்ஸ் தேச்சாலும் எங்கயாவது ஒரு ஓட்டை கெடைக்கும், அது வழியா எறங்கிரும்.

அருளப்பன்: அப்ப ரப்பர் மோல்டு எடுத்து, அதுக்குள்ள என் ரெசினை ஊத்துனா?

ரூபன்: எறுகும். ஆனா ஸ்டைரீன் ரப்பருக்குள்ளயும் ஊறும், மோல்டு சீக்கிரம் வெறைச்சுக் கிழிஞ்சுரும். போதாக்குறைக்கு பாலியஸ்டர் எறுகும்போது சுருங்கும். முப்பத்திரண்டு அடியில ஒரு நூல் கொறஞ்சா யாருக்குத் தெரியும்? பத்து மில்லி வீல் கேப்புல தெரியும்.

அருளப்பன்: சரி, மறுபடி செய்வோம். என்ன வேணும், சொல்லு.

ரூபன்: கோலிக்குண்டு வேணும். 16 மில்லிமீட்டர்.

அருளப்பன்: (சட்டைப் பையிலிருந்து எடுத்து) பேரனோடது. அழுதுக்கிட்டு இருக்கான். அளவு எப்படிப் போடுற?

ரூபன்: அம்பாசடர் வீல் கேப் எவ்வளவு இருந்துச்சு? டாக்சி ஸ்டாண்டுல அளந்தீங்களே.

அருளப்பன்: பத்து அங்குலம்.

ரூபன்: (கால்குலேட்டரைத் தட்டி) 254 மில்லி, வகுத்தல் 24... 10.6.

அருளப்பன்: இருபத்திநாலுல ஒண்ணா? இதுக்கு எதுக்குடா மிஷினு? ஒரு அடிக்கு அரை அங்குலம்!

ரூபன்: (நிமிர்ந்து பார்த்து) என்னது?

அருளப்பன்: ஒரு அடி பன்னெண்டு அங்குலம். இருபத்திநாலால வகுத்தா அரை. இருபத்திநாலு அடி வத்தைப் படகு ஒரு அடி வத்தையாயிரும். அம்பாசடர் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல 97 அங்குலம், எட்டு அடி ஒரு அங்குலம். எட்டு அரை நாலு. நாலு அங்குலமும் ஒரு பொட்டும்.

ரூபன்: (மறுபடி தட்டி) 102.7 மில்லி... சரியாத்தான் மாமா வருது.

அருளப்பன்: லென்ஸைக் கழட்டுடா, கணக்கு அதுல தெரியாது.

ரூபன்: இருபத்தஞ்சுல ஒண்ணுன்னா உங்க அரை அங்குலம் ஒதவாது. அமெரிக்க மாடல் கார் கிட்டு நெறைய அந்த அளவுலதான் வரும். இதை அதுல மாட்டுனா நூத்துக்கு நாலு பங்கு வித்தியாசம். அத விடுங்க. ஷீட்டை வெட்டுவோம். 0.5 மில்லி.

அருளப்பன்: கத்தரிக்கோல் கொண்டாந்திருக்கேன்.

ரூபன்: வேணாம், ஓரம் சுருண்டுக்கும். பிளேடோட முதுகால, ஸ்கேலை வெச்சு மெதுவா ரெண்டு மூணு தரம் கீறணும். அழுத்தக்கூடாது. அப்புறம் கீறலை விட்டு வெளிப்பக்கமா மடக்குனா படக்குன்னு ஒடியும். அறுத்து எடுக்க நெனச்சா பிளேடு வழுக்கும், விரலும் போகும், ஷீட்டும் போகும்.

அருளப்பன்: இதுக்கும் கோலிக்குண்டுக்கும்?

ரூபன்: குண்டை ஒரு குச்சி நுனியில அரால்டைட் போட்டு நிறுத்திட்டேன். ஷீட்டை ரெண்டு கிளிப்புல பிடிச்சு, நம்ம போன்ல ஐசி கழட்டுற ஹாட் ஏர் மிஷினை அடிமட்டச் சூட்டுல வெச்சு, அரை அடி தள்ளிக் காட்டணும். தீக்குச்சி, மெழுகுவத்தியெல்லாம் கிட்ட வரக்கூடாது, பத்திக்கிட்டுக் கரிப்புகையாக் கக்கும். 100 டிகிரி தாண்டுனா ஷீட்டு தொளதொளன்னு தொங்கும். அப்பக் குண்டை ஒரே மூச்சா அழுத்துங்க.

அருளப்பன்: (அழுத்தி) ஆகா, முட்டை ஓடு!

ரூபன்: இப்ப அந்த ஓட்டைச் சுத்தி வெட்டி, கவுத்துப் போட்டு, கண்ணாடி மேல ஒட்டுன 400 நம்பர் எமரித் தாள்ல வட்டமாத் தேய்க்கணும். தேய்க்கத் தேய்க்க வாய் சுருங்கும். 10.6-ல நிப்பாட்டுனா ஒசரம் 2 மில்லி வரும். தாண்டிட்டீங்கன்னா மறுபடி கோலி.

அருளப்பன்: பெருசாக்க முடியாதா?

ரூபன்: மீனை வெட்டிட்டுத் தலையை ஒட்ட முடியுமா மாமா?

(நாலு ஓடு தேய்ந்து முடிகிறது. அதில் ரூபன் மூன்று தேய்த்தான், அருளப்பன் ஒன்று. அருளப்பனுடையது கோழி முட்டை வடிவில் இருப்பதைப் பற்றி இருவருமே பேசவில்லை. ரூபன் அதை மட்டும் மறுபடி செய்கிறான்.)

ரூபன்: அடுத்தது சிலிக்கான் ரப்பர். ஒரு ஷீட்டுத் துண்டு மேல நாலையும் ஒட்டி, சுத்தி ஷீட்டுலயே தொட்டி கட்டியாச்சு. 40-க்கு 40, ஒசரம் 12. எவ்வளவு ரப்பர் வேணும்?

அருளப்பன்: ஒரு லிட்டர்.

ரூபன்: 19 மில்லி லிட்டர் மாமா. எடையில 22, 23 கிராம். ஹார்டனர் டின்னுல போட்டபடி. இந்த டின்னுக்கு நூத்துக்கு மூணு. 0.7 கிராம்.

அருளப்பன்: அத எந்த மூடியில அளக்குறது?

ரூபன்: மூடிக் கணக்கெல்லாம் போட்டுக்கு. இதுக்கு நகைத் தராசு. கொறஞ்சா வாரக்கணக்குல பிசுபிசுன்னு கெடக்கும். கூடுனா கலக்கும்போதே கட்டியாயிரும், மோல்டும் சீக்கிரம் நொறுங்கும்.

அருளப்பன்: இரு, ஊத்தாத! மொத்தமாவா கவுக்கப் போற? மொதல்ல பிரஷ்ல ஒரு கோட் தடவு.

ரூபன்: எதுக்கு?

அருளப்பன்: நாங்க மோல்டுல மொதப் பூச்சா ஜெல்கோட் அடிக்கிறோம்ல? அதே மாதிரி ஒரு பூச்சு இருந்தா மூலையில காத்து நிக்காது. ஓரத்தையெல்லாம் பிரஷ்ல குத்திக் குத்தி நனை. அப்புறம் ஒரு மூலையில இருந்து, நூல் மாதிரி, ஒசரத்துல இருந்து ஊத்து. தானாப் பரவி வரட்டும். மெலிஞ்சு எறங்குற நூல்ல குமிழி எல்லாம் உடைஞ்சிரும்.

ரூபன்: (அப்படியே செய்து) ஒரு குமிழி இல்ல மாமா!

அருளப்பன்: அடியில உள்வாங்குன எடம் ஏதாச்சும் இருக்கா பாத்தியா? வாய் சுருங்குன பானை மாதிரி இருந்தா மோல்டுல பூட்டிக்கும்.

ரூபன்: இதுல இல்ல. கார் சீட்டு மாதிரி ரெண்டு பக்கமும் வடிவம் இருந்தா ரெண்டு துண்டு மோல்டு. பாதியைக் களிமண்ணுல பொதைச்சு ஒரு பக்கம் ஊத்தணும், எறுகுனதும் களிமண்ணை எடுத்துட்டு மறுபக்கம். நடுவுல வாசலின் தடவலேன்னா ரெண்டும் ஒண்ணாயிரும். சிலிக்கான் மத்ததுல அவ்வளவா ஒட்டாது, கண்ணாடியிலயும் சிலிக்கான்லயும் ஒட்டும்.

அருளப்பன்: (பையிலிருந்து வாசலின் டப்பாவை எடுத்து) அதுக்குத்தான் கொண்டாந்தேன். உங்க அத்தை தேடிட்டு இருக்கா.

(மறுநாள். மோல்டு எறுகியிருக்கிறது.)

ரூபன்: இப்ப பாலியூரிதேன் ரெசின். ஏ, பி ரெண்டும் சமம். ஆளுக்கு 5 கிராம்.

அருளப்பன்: நாலு வட்டத்துக்கு எவ்வளவு பிடிக்கும்?

ரூபன்: அரை மில்லி லிட்டர் கூட வராது.

அருளப்பன்: அரை மில்லிக்குப் பத்து கிராமா? கல்யாண வீடாடா இது?

ரூபன்: கொஞ்சமாக் கலந்தா ஒரு சொட்டு கூடக் கொறைய ஆனாலும் விகிதம் மாறிப்போயி எறுகாது. மிச்சத்தை வீணாக்கப் போறதில்ல. ரெண்டு கார் சீட்டு மோல்டு, ஒரு ஸ்டெப்னி மோல்டு தயாரா இருக்கு. ஆனா மூணு நாலு நிமிஷத்துல கெட்டியாயிரும். வேகமா... மாமா! அந்த ஐஸ் குச்சியில கலக்காதீங்க!

அருளப்பன்: கலக்கிட்டேனே.

(இருவரும் கப்பை எட்டிப் பார்க்கிறார்கள்.)

அருளப்பன்: பொங்குதுடா. ஆப்பம் மாதிரி ஓட்டை ஓட்டையா வருது.

ரூபன்: மரக்குச்சியில ஈரம். இந்த ரெசினுக்கு ஈரம் பட்டா உள்ள கார்பன் டை ஆக்சைடு உண்டாகிக் குமிழி விடும். அதனாலதான் பேப்பர் கப், மரக்குச்சி ரெண்டையும் ஒதுக்கிட்டு பிளாஸ்டிக் கப், எவர்சில்வர் கரண்டி. நாம இருக்கிறது மண்டபம். சோழகக் காத்து அடிச்சாலும் ஈரம், கொண்டல் காத்து அடிச்சாலும் ஈரம். டின்னை ஒரு தடவை தொறந்தா உடனே மூடி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோட டப்பாவுக்குள்ள வெக்கணும். மோல்டையும் கொஞ்சம் வெயில்ல காய வெச்சுட்டு ஊத்துனா நல்லது.

அருளப்பன்: (பையிலிருந்து) எவர்சில்வர் கரண்டி.

ரூபன்: எல்லாமே இருக்கு உங்க பையில.

அருளப்பன்: வீட்டுலதான் இல்ல.

(இரண்டாம் தடவை சரியாக வருகிறது. ஜன்னல் திறந்திருக்கிறது, இருவர் கையிலும் உறை. அரை மணியில் நாலு வீல் கேப்பும் மோல்டிலிருந்து கழன்று வருகின்றன.)

அருளப்பன்: பெயின்ட் அடிச்சிரலாமா?

ரூபன்: மொதல்ல பாத்திரம் கழுவுற சோப்புல, பழைய பல் பிரஷ்ல கழுவணும். மோல்டு பிசுக்கு இருந்தா பெயின்ட் உரிஞ்சு வரும். இத ஒட்டவும் மாடல் கம்மு ஒதவாது. அது ஷீட்டைக் கரைச்சு ஒட்டுற கம்மு, ரெசின்ல கரைய ஒண்ணும் இல்ல. ஃபெவிக்விக், இல்லேன்னா அரால்டைட். லாக்கரை இன்னிக்கு அடிக்கக்கூடாது, இந்தக் காத்துல வெள்ளை பூத்துரும்.

அருளப்பன்: அப்பக் கேரியரைப் பாப்போம். டாக்சின்னா மேல கேரியர் இல்லாம ராமேஸ்வரம் வர முடியுமா? நான் அளந்துட்டேன்: நாலு அடிக்கு மூணரை. ரெண்டு அங்குலம், ஒண்ணே முக்கால் அங்குலம். கம்பி அரை அங்குலம்.

ரூபன்: அரை மில்லி கம்பி.

அருளப்பன்: அதுக்கு இந்தா, நரம்பு. நம்ம வலை நரம்பு.

ரூபன்: நரம்பு வளைச்சா நிக்காது, பழைய வளைவுக்கே போகும். பெயின்ட்டும் சரியாப் பிடிக்காது. செம்புக் கம்பிதான். ஒரு நுனியை வைஸ்ல கடிக்க விட்டு, மறு நுனியைக் குறடால பிடிச்சு ஒரு இழுப்பு. கொஞ்சம் நீளும், நூல் பிடிச்ச மாதிரி நேராயிரும்.

அருளப்பன்: (இழுக்கிறார். கம்பி அறுந்து பின்னால் விழுகிறார்.)

ரூபன்: நங்கூரம் இல்ல மாமா அது. கொஞ்சம்னா கொஞ்சம். பேப்பர்ல படம் வரைஞ்சு பலகையில ஒட்டிட்டேன், அது மேலயே கம்பியை டேப் போட்டு ஒவ்வொரு முட்டா ஈயம் வெப்போம். பக்கத்து முட்டுல ஈரத் துணி. இல்லேன்னா இத வெக்கும்போது அது கழண்டுரும்.

அருளப்பன்: கிரில்லுக்குப் பின்னால ரேடியேட்டர் வலை தெரியணும்னியே, அதுக்கும் கொண்டாந்திருக்கேன். (பையிலிருந்து டீ வடிகட்டி.) கண் எம்புட்டு பொடிசு பாரு.

ரூபன்: (ஏற்கனவே ஓர் அங்குலம் வெட்டிவிட்டு) பொருத்தமா இருக்கு. சரி, பார்சலைப் பிரிங்க. நாலு கேப், ஒரு கேரியர் நாம குடுக்கிறோம். நாலு வீல், நாலு டயர், ஒரு முன் கண்ணாடி அவர் அனுப்பியிருக்கார்.

அருளப்பன்: வீல் வந்துட்டா அதையே மோல்டு எடுத்து, நாமளே ஊத்தி விக்கலாம்ல?

ரூபன்: நமக்கு ஒண்ணு எடுத்துக்கலாம். விக்கிறது அடுத்தவன் வலையில விழுந்த மீனை அள்ளுற கணக்கு. மாஸ்டர் செஞ்சவன் அவன். (வெர்னியர் அளவியை வைத்து) இது என்ன, ரிம்மு 15.2? பதினஞ்சு அங்குல ரிம்மு நம்ம அளவுல 15.9 வரணுமே. இது இருபத்தஞ்சுல ஒண்ணு!

அருளப்பன்: நான் அப்பவே சொன்னேன், அரை அங்குலம்தான் கேக்கணும்னு.

ரூபன்: இனிமே மாத்துக்கு ஒத்துக்கிறதுக்கு முன்ன, பக்கத்துல ஸ்கேல் வெச்சுப் படம் கேக்கணும். கண்ணாடியாவது... ஐயோ.

அருளப்பன்: என்ன இது, கண்ணாடி மேல வட்டமா வடு? ரெசின் ஊத்திட்டாரா?

ரூபன்: டயரும் கண்ணாடியும் ஒரே கவர்ல. வினைல் டயர்ல மெதுவா இருக்கிறதுக்குக் கலக்குற எண்ணெய் இருக்கு. பிளாஸ்டிக்கைத் தொட்டுக்கிட்டே கெடந்தா அது கசிஞ்சு அரிச்சிரும். இந்த வெயில்ல லாரிக்குள்ள இன்னும் வேகமா.

அருளப்பன்: கரைஞ்சிருச்சுன்னு சொல்லு.

ரூபன்: (பெருமூச்சு) கரைஞ்சிருச்சு.

அருளப்பன்: உன் ஆளுக்கும் ஒரு மாமா இருந்திருப்பார் மாப்ள. இப்பக் கண்ணாடிக்கு என்ன வழி?

ரூபன்: புதுச் சட்டைப் பெட்டியில மேல தெளிவா ஒரு பிளாஸ்டிக் வரும்ல, அதை வெட்டி வளைச்சு ஃபெவிகால்ல ஒட்டலாம். ஃபெவிக்விக் வெச்சா வெள்ளைப் புகை படிஞ்சிரும். ஆனா புதுச் சட்டைக்கு எங்க போறது?

அருளப்பன்: (மெதுவாகப் பையில் கைவிட்டு) பெட்டி மட்டும்தான் கொண்டாந்தேன். சட்டை வீட்டுலதான் இருக்கு.

(போன் அடிக்கிறது.)

ரூபன்: அத்தை.

அருளப்பன்: எடுக்காத. டீ கொதிச்சிருக்கும்.