3 ஆண்டில் கடன் விடுதலை: ஜெர்மனி சரியாகச் செய்ததும் பாதியில் விட்டதும்

திவாலான தொழில்முனைவோருக்கு அதிகபட்சம் 3 ஆண்டுகளில் மிச்சக் கடனிலிருந்து விடுதலை கிடைக்க வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019ஆம் ஆண்டு உத்தரவு. சம்பளக்காரர்களுக்கும் அதைக் கொடுப்பதா என்பதை அந்தந்த நாட்டிடமே விட்டுவிட்டார்கள்.

ஜெர்மனி இருவரையும் பிரிக்கவில்லை. 2020 அக்டோபர் 1 முதல் மனு போட்ட எல்லோருக்கும் 3 ஆண்டுதான். முன்பு 6 ஆண்டு. அப்போது 3 ஆண்டில் வெளியே வர, கடனில் 35 சதவீதத்தையும் வழக்குச் செலவையும் கட்டியிருக்க வேண்டும். கையில் காசில்லாமல் வந்தவரிடம் 35 சதவீதம் கேட்பது என்ன நியாயம்?

பிரிக்காதது மிகச் சரி. சின்னக் கடைக்காரர் கடைச் சரக்கையும் வீட்டு வாடகையையும் ஒரே கணக்கிலிருந்துதான் கட்டுவார். எது தொழில் கடன், எது சொந்தக் கடன் என்று பிரிக்கப் போனால் அந்த வழக்குக்கே வருடக்கணக்காகும்.

ஆனால் அந்த 3 ஆண்டு, நீதிமன்றம் வழக்கைத் திறந்த பிறகுதான் ஓடத் தொடங்கும். அதற்கு முன் சம்பளக்காரர் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசம் பேசிப் பார்த்திருக்க வேண்டும். எவ்வளவு திருப்பித் தர முடியும் என்ற திட்டம் கடன் கொடுத்த அத்தனை பேருக்கும் போகும். ஒருவர் மறுத்தாலும் தோல்வி. தோற்றதற்கு வழக்கறிஞரோ அங்கீகாரம் பெற்ற கடன் ஆலோசனை மையமோ சான்று தர வேண்டும். தோற்ற 6 மாதத்துக்குள் மனு போடாவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இலவச மையங்களில் முறை வரவே பல மாதம் ஆகிறது.

கடையை மூடிவிட்டவர் கதை இன்னும் விசித்திரம். கடன் கொடுத்தவர்கள் 20 பேரோ அதற்கு மேலோ இருந்தால், அல்லது வேலையாட்களுக்குச் சம்பள பாக்கி இருந்தால், சமரசக் கட்டம் கிடையாது. நேராக மனு போடலாம். பாக்கி இல்லாமல் 19 பேர் என்றால் காத்திருக்க வேண்டும். அதாவது, ஆட்களின் சம்பளத்தை ஒழுங்காகக் கொடுத்தவருக்குத்தான் தாமதம்.

இன்னொன்று, மனுவோடு கொடுக்கும் கடன் பட்டியலில் கவனம். சொந்தக்காரரிடம் வாங்கியதைத் தனியாக அடைத்துக்கொள்ளலாம் என்று வேண்டுமென்றே மறைத்தால், கடன் கொடுத்தவர் ஒருவர் கேட்டாலே மொத்த விடுதலையும் மறுக்கப்படலாம். அபராதம், வேண்டுமென்றே கொடுக்காமல் விட்ட ஜீவனாம்சம், தண்டனை பெற்ற வரி ஏய்ப்பு பாக்கி ஆகியவை எப்படியும் தள்ளுபடியாகாது. இடையில் வாரிசுச் சொத்து வந்தால் பாதி மதிப்பை ஒப்படைக்க வேண்டும்; லாட்டரி விழுந்தால் முழுவதும் போகும்.

பிடித்தம் செய்ய வருமானமும் இல்லை, விற்கச் சொத்தும் இல்லை என்றால் அனுப்பும் திட்டத்தில் தொகை பூஜ்யம்தான். அதற்கு எல்லோரும் சம்மதிப்பார்களா என்று மாதக்கணக்கில் எதற்குக் கேட்க வேண்டும்? அப்படிப்பட்டவர்களுக்காவது சமரசக் கட்டத்தை எடுத்துவிட்டு, மனு போட்ட நாளிலிருந்தே 3 ஆண்டைக் கணக்கிட வேண்டும்.