எல்லாத்தையும் ஆப்ஷனல்னு போட்டா அதுக்குப் பேரு பண்டலா?

ஏற்கெனவே இருக்க ஒரு ஜாவா லைப்ரரியை ஓஎஸ்ஜிஐ பண்டலா, அதாவது ஓடுத சிஸ்டத்த நிறுத்தாம தனியா ஏத்தி இறக்குத பாகமா, மாத்தித் தாரேன்னு கெளம்புதவங்க நெறைய பேரு என்ன செய்யுதாங்க தெரியுமா? மேனிஃபெஸ்ட், அதாவது பண்டலோட விவரச் சீட்டு, எழுதித் தார பிஎன்டி (bnd) கருவிகிட்ட ஜாரை (கிளாஸெல்லாம் கட்டி வச்ச ஃபைலை) கொடுக்காங்க. வெளியேர்ந்து எந்தப் பேக்கேஜ் வேணும்னு சொல்லுத இம்போர்ட்-பேக்கேஜ் வரியில, எல்லாம்னு ஒரு நட்சத்திரத்தப் போட்டு, பக்கத்துல ரெசல்யூஷன்:=ஆப்ஷனல், அதாவது இல்லன்னாலும் பரவால்லன்னு எழுதுதாங்க. மத்தவங்களுக்கு எதக் கொடுக்கோம்னு சொல்லுத எக்ஸ்போர்ட்-பேக்கேஜ்லயும் ஒரு நட்சத்திரம். அம்புட்டுதான். கராஃப்ங்கிற ஓஎஸ்ஜிஐ சர்வர்ல ஏத்திப் பாத்தா ஆக்டிவ்னு காட்டுது. "வேலை முடிஞ்சுது அண்ணாச்சி"ன்னு லேப்டாப்ப மூடிட்டு டீ குடிக்கப் போயிருதாங்க.

என்னத்த முடிஞ்சுது? அந்த ஆக்டிவ்ங்கிற வார்த்தைக்கு அங்கன ஒரு அர்த்தமும் கெடையாது.

பண்டல் கேக்குதத தேடி இணைச்சு விடுத ரிசால்வர் எதுக்கு இருக்கு? ஒரு பண்டல் உள்ள வரும்போதே, எனக்கு இன்ன பேக்கேஜ் வேணும், இந்த வெர்ஷன்லேர்ந்து இந்த வெர்ஷனுக்குள்ள வேணும்னு கேக்கும். இருந்தா ரிசால்வர் வயரிங் போட்டுக் கொடுக்கும். இல்லன்னா இன்ஸ்டால்டு நிலையிலயே நிறுத்தி வச்சு, எது கெடைக்கலன்னு பேரோட சொல்லும். தப்பு வாசல்லயே மாட்டணும், அதுக்குத்தான் இந்த மேனிஃபெஸ்ட் எழவையெல்லாம் கட்டி அழுதோம். எல்லாத்தையும் ஆப்ஷனல்னு போட்டா ரிசால்வரோட வாய அடைச்சாச்சு. தப்பு அங்கனயேதான் கெடக்கு. என்னைக்கு அந்தக் கிளாஸ மொத மொதல்ல ஒரு கோடு தொடுதோ, அன்னைக்கு கிளாஸக் காணோம்னு நோகிளாஸ்டெஃப்ஃபவுண்ட்எரர் வந்து விழும்.

அது எங்கன விழும்ங்கிறதுதான் வயித்தெரிச்சல். 1999ல ஓஎஸ்ஜிஐயத் தொடங்கினதே வீட்டுலயும் அங்கங்கயும் இருக்க சின்ன கேட்வே பெட்டிகளுக்காகத்தான். பெட்டியை நிறுத்தாம ஒரு பாகத்த மட்டும் மாத்த முடியணும். நம்ம பக்கத்துக்கே எடுத்துக்கிடுங்க. பணகுடி, ராதாபுரம் பக்கம் ஒரு காத்தாடிக்கு அடியில அப்படி ஒரு பெட்டி, மோட்பஸ்ங்கிற மெஷின் பாஷையில அளவு வாசிச்சு அனுப்பிட்டு இருக்கு. ஆடி மாசம். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியா காத்து பேயா அடிக்குத நேரம். லிங்க் ஒரு நிமிசம் அறுந்து திரும்ப வருது. அப்பதான் மொத தடவையா ரீட்ரை கோடு ஓடுது, அதுக்கு வேண்டிய பேக்கேஜ் உள்ள ஏறவே இல்ல. ராத்திரி 2 மணிக்கு வண்ணாரப்பேட்டையிலேர்ந்து ஒருத்தன் பைக்க எடுத்துட்டு வள்ளியூர் தாண்டிப் போகணும். மேனிஃபெஸ்ட்ல உண்மைய எழுதியிருந்தா மேசையில இருக்கும்போதே தெரிஞ்சிருக்கும்.

ஆப்ஷனலே கூடாதுன்னு சொல்லல. ஒரு லாகிங் லைப்ரரி ஜேஎம்எஸ் (ஜாவாவோட செய்தி அனுப்புத ஏற்பாடு) இருந்தா அதுல அனுப்பும், மெயில் இருந்தா அதுல அனுப்பும், ரெண்டும் இல்லன்னாலும் ஃபைல்ல எழுதிட்டு ஓடும். அங்க அந்த ரெண்டு பேக்கேஜுக்கும் ஆப்ஷனல் சரி. ஆனா ஒவ்வொரு பேக்கேஜா பாத்து, இது இல்லன்னா கோடு என்ன செய்யுதுன்னு தெரிஞ்சு போடணும். ஜேடிகே கூடவே வார ஜேடெப்ஸ ஓட்டினா எந்த ஜார் எந்தப் பேக்கேஜத் தொடுதுன்னு பட்டியல் வந்துரும். அதக்கூட ஓட்டாம என்ன மாத்துதீங்க?

இன்னொண்ணு. பிஎன்டி பைட்கோடத்தான் வாசிக்கும். பேரச் சொல்லி கிளாஸக் கூப்பிடுத கிளாஸ்.ஃபார்நேம்குள்ள ஓடும்போது உருவாகுத பேரும், எக்ஸ்எம்எல்ல எழுதின பேரும் அது கண்ணுல படாது. ஜாவாப் கருவிய -சி -பி போட்டு ஓட்டி ஃபார்நேம்னு தேடுங்க. மெட்டா-இன்ஃப் கீழ சர்வீசஸ் ஃபோல்டர் இருக்கான்னு பாருங்க. கெடைச்சத கையால சேருங்க. த்ரெட் கான்டெக்ஸ்ட் கிளாஸ்லோடர (ஓடுத த்ரெட்டோட ஒட்டியிருக்க, கிளாஸத் தேடி ஏத்துத பாகம்) நம்பி இருக்க லைப்ரரின்னா, கூப்பிடுததுக்கு முன்னால அந்த லைப்ரரியோட கிளாஸ்லோடர செட் பண்ணி, ஃபைனலி (finally) பிளாக்ல பழசத் திருப்பி வைங்க. அந்தத் திருப்பி வைக்குத வரிய விட்டுட்டீங்கன்னா, த்ரெட் பூல்ல இருக்க அதே த்ரெட் வேற பண்டலுக்குப் போய் அங்க கொழப்பும்.

இம்புட்டையும் விட்டுட்டு டைனமிக்இம்போர்ட்-பேக்கேஜ்ல நட்சத்திரம் போட்டு விடுதவங்கள என்ன சொல்ல? கிளாஸக் கேக்குத அந்த நொடியில எவன் எக்ஸ்போர்ட் பண்ணிட்டு நிக்கானோ அவன்கிட்ட போய் ஒட்டிக்கிடும். ரிஃப்ரெஷ் பண்ணுத வரைக்கும் விடாது. டெவலப்பர் மிஷின்ல ஒருத்தன்கிட்ட ஒட்டும், சர்வர்ல வேற ஒருத்தன்கிட்ட ஒட்டும்.

எக்ஸ்போர்ட்ல நட்சத்திரம் போடுதது அதவிட அக்கிரமம். தாமிரபரணியில எட்டு அணைக்கட்டு இருக்கு, அதுலேர்ந்து கால்வாய் பிரியுது, கால்வாயில மடை இருக்கு. கோடகன் கால்வாய்ல அத்தனை மடையையும் ஒரே நேரத்துல தொறந்து வுட்டுட்டு பாசனம் பண்ணுதேன்னு சொன்னா கடமடை வயக்காரன் விடுவானா? இன்டர்னல்னு பேரு வச்ச பேக்கேஜ், ஜாருக்குள்ள திணிச்சு வச்ச அடுத்தவன் லைப்ரரி காப்பி, எல்லாம் வெளிய போகுது. அதுவும் பல நேரம் வெர்ஷன் இல்லாம. வெர்ஷன் எழுதாட்டா 0.0.0ன்னுதான் அர்த்தம். ரெண்டு பேரு ஒரே பேக்கேஜ எக்ஸ்போர்ட் பண்ணினா, ஏற்கெனவே ரிசால்வ் ஆனவனுக்குத்தான் ரிசால்வர் முன்னுரிமை கொடுக்கும், அதுக்கப்புறம்தான் கூடின வெர்ஷனப் பாக்கும். இம்போர்ட் பண்ணுதவனும் வெர்ஷன் எழுதலன்னா, மொதல்ல ஏறின 0.0.0 குப்பை ஜெயிச்சிரும், ஒழுங்கா 2.3னு எழுதி வச்சவன் வெளிய நிப்பான். நேத்து ஓடிச்சு, இன்னைக்கு ரீஸ்டார்ட் பண்ணின பெறகு ஓடலங்கிற புகாருக்குப் பின்னால பல நேரம் இந்த ஏறுத வரிசைதான் ஒளிஞ்சிருக்கு.

வெர்ஷன் பேச்சு வந்தாச்சு. இம்போர்ட்ல 1.2ன்னு மட்டும் எழுதினா அது "1.2 மட்டும்" இல்ல, 1.2லேர்ந்து மேல எது வந்தாலும் சரின்னு அர்த்தம். 2 வந்து ஏபிஐ மாறினாலும் ஒட்டிக்கிடும். [1.2,2)னு எழுதணும். சதுர அடைப்பு சேத்துக்கிடும், வளைவு அடைப்பு விட்டுரும். மேவன்ங்கிற ஜாவா பில்ட் கருவிப் பழக்கத்துல வாரவங்க விழுத குழி இன்னொண்ணு: மேவன்ல 1.2.0-பீட்டா, 1.2.0க்கு முந்தினது. ஓஎஸ்ஜிஐயில 1.2.0.பீட்டாதான் 1.2.0ஐ விடப் பெருசு, ஏன்னா வால் இல்லாததுதான் எல்லாத்துலயும் சின்னது. ஸ்னாப்ஷாட்டுக்கும் (ரிலீஸுக்கு முந்தின சோதனைப் பதிப்பு) இதே கதி. ரிலீஸ ஏத்தின பெறகும் பழைய ஸ்னாப்ஷாட்டப் பிடிச்சுட்டு நிக்கும்.

ஒரு பேக்கேஜ் ரெண்டு ஜார்ல பிரிஞ்சு கெடக்குத கதை தெரியும்ல? இம்போர்ட் ஒரு பேக்கேஜுக்கு ஒரே எக்ஸ்போர்ட்டர்கிட்டதான் போகும். இத சத்தமே இல்லாம கழுத்தறுக்குதது ஜாவாஎக்ஸ்.அனோடேஷன். போஸ்ட்கன்ஸ்ட்ரக்ட் (ஆப்ஜெக்ட் தயாரான ஒடனே கூப்பிட வேண்டிய மெத்தட்டுக்குப் போடுத குறி) முன்னால ஜேடிகேக்குள்ளயே இருந்தது, ஜாவா 11ல எடுத்துட்டாங்க. நான்நல் (Nonnull), நல்லபிள் (Nullable) எல்லாம் அதே பேக்கேஜ் பேருல ஜேஎஸ்ஆர் 305 ஜார்ல இருக்கு. எவனாவது அந்த 305 ஜார நட்சத்திரம் போட்டு பண்டலாக்கி விட்டு, உங்க பண்டல் அவன்கிட்ட ஒட்டிச்சுன்னு வைங்க. எர்ரர் வராது. அனோடேஷன் கிளாஸ் கெடைக்கலன்னா ஜாவா அத இல்லாத மாதிரியே விட்டுட்டுப் போயிரும். போஸ்ட்கன்ஸ்ட்ரக்ட் போட்ட மெத்தட எவனும் கூப்பிட மாட்டான். லாக்ல ஒரு வரி கெடையாது, கனெக்ஷன் மட்டும் காலியா (null) நிக்கும். இதக் கண்டுபிடிக்க ரெண்டு நாள் போகும். பண்டலாக்குதவன் அஞ்சு நிமிசம் செலவழிச்சிருந்தா, ரெண்டு ஜாரையும் ஒரே பண்டலா சேத்துக் கட்டியிருக்கலாம், இல்ல அந்த அனோடேஷன எக்ஸ்போர்ட்லேர்ந்து விலக்கியிருக்கலாம்.

நேட்டிவ் கோடு (ஜாவா இல்லாம அந்தந்த ஓஎஸ்ஸுக்குன்னே கம்பைல் பண்ணினது) இருக்க லைப்ரரி, சீரியல் போர்ட் மாதிரி, தனிக் கொடுமை. ஒரே .எஸ்ஓ ஃபைல ஜேவிஎம் ஒரு கிளாஸ்லோடர்லதான் ஏத்தும். பண்டல அப்டேட் பண்ணினா புது கிளாஸ்லோடர் வருது, பழசு இன்னும் குப்பைக்குப் போகல, உடனே வேற கிளாஸ்லோடர்ல ஏற்கெனவே ஏறியாச்சுன்னு அன்சாட்டிஸ்ஃபைட்லிங்க்எரர். அதனாலதான் நேட்டிவ் பாகத்தத் தனிப் பண்டலா, அடிக்கடி மாத்தாததா வைக்கணும்னு சொல்லுதது. பண்டில்-நேட்டிவ்கோட்னு ஒரு ஹெடரே அதுக்காக இருக்கு, எந்த ஓஎஸ், எந்தப் பிராசசர்னு அதுல எழுதலாம். அத விட்டுட்டு டெம்ப் ஃபோல்டர்ல விரிச்சு ஏத்துத லைப்ரரிய அப்படியே சுருட்டிக் கொடுத்தா, டெம்ப நோஎக்ஸெக்னு (அங்கேர்ந்து எதையும் ஓட்டக் கூடாதுன்னு) மவுண்ட் பண்ணி வச்ச பெட்டியில அது ஏறவே ஏறாது.

சின்னச் சின்ன சவங்களையும் சொல்லிருதேன். பண்டில்-கிளாஸ்பாத்ல லிப் ஃபோல்டர் ஜாரச் சேத்துட்டு, முன்னால இருக்க வேண்டிய புள்ளிய விட்டா உங்க சொந்தக் கிளாஸே தெரியாது. மேனிஃபெஸ்ட்டக் கையால எழுதினா ஒரு வரி 72 பைட்டுக்கு மேல போகக் கூடாது, கடைசி வரிக்கு அப்புறம் என்டர் அடிக்கணும். கையெழுத்துப் போட்ட ஜாரத் திருத்தினா மெட்டா-இன்ஃப்ல .எஸ்எஃப், .ஆர்எஸ்ஏ ஃபைல எடுங்க, இல்லன்னா செக்யூரிட்டிஎக்ஸெப்ஷன்.

எஸ்எல்எஃப்4ஜேங்கிற லாகிங் லைப்ரரி 2.0 ஏறலன்னு கத்துதவங்க, அந்த எர்ரர முழுசா வாசிங்க. ஓஎஸ்ஜிஐ.சர்வீஸ்லோடர்.பிராசசர் வேணும்னு அது பேரு சொல்லியே கேக்கு. 2.0லேர்ந்து அது சர்வீஸ்லோடர் வழியாத்தான் லாகர் தேடுது. அந்த பிராசசர் வேலையச் செய்யுத ஏரீஸ் எஸ்பிஐ ஃப்ளையயும் அதுக்கு வேண்டிய ஏஎஸ்எம் பண்டல்களையும் ஏத்தினா அந்தத் தேவை தீந்துரும். இங்க எழுதினவன் உண்மையச் சொல்லியிருக்கான், அதனால வாசல்லயே நின்னு கேக்கு. இத ஏறலன்னு திட்டிட்டு, அந்தத் தேவைய மேனிஃபெஸ்ட்லேர்ந்து வெட்டி எறிஞ்சு புது ஜார் செய்யுதாங்க பாருங்க, அதத்தான் பொறுக்க முடியல.

லைப்ரரி எழுதுதவங்களுக்கும் ஒரு வார்த்தை. மேவனோட போம் ஃபைல்ல பிஎன்டி மேவன் பிளகினச் சேக்க கொஞ்ச வரிதான். அதோட விட்டுராதீங்க, அது எழுதின மேனிஃபெஸ்ட்டத்தான் எடுக்கணும்னு ஜார் பிளகின்கிட்ட சொல்லணும். சொல்லாட்டா எல்லாம் சரியா உருவாகி, ஜாருக்குள்ள மட்டும் போகாது. நீங்க ஒரு தடவை செய்யாததுக்கு, பயன்படுத்துத ஒவ்வொருத்தனும் தனித்தனியா சுருட்டிட்டுத் திரியுதான், ஆளுக்கு ஒரு வெர்ஷனா.

மாத்திக் கொடுக்குதவங்க, ஒரு காலி கராஃப எடுத்து உங்க பண்டல மட்டும் ஏத்துங்க. வெளியேர்ந்து எதாவது வேணும்ங்கிற பண்டல்னா ஏறாம நிக்கணும். பண்டில்:டயாக் கொடுத்து அது என்ன கேக்குதுன்னு பாத்து, ஒண்ணொண்ணா ஏத்துங்க. ஓடும்போதே அப்டேட், ரிஃப்ரெஷ் கொடுத்துப் பாருங்க. அப்புறம் பண்டில்:ஹெடர்ஸ் வெளியீட்டையும் சேத்து அனுப்புங்க. அதுல எல்லா இம்போர்ட்டுக்கும் ஆப்ஷனல்னு இருந்தா அந்தப் பண்டல நாங்க ஏத்த மாட்டோம்.