பள்ளி நேரத்துக்குள் அடங்குகிற வேலை

தனியாகப் பிள்ளை வளர்க்கிற ஒரு பெண் வேலை விளம்பரத்தில் முதலில் தேடுவது நேரத்தை. சம்பளம் அப்புறம்தான். ஒன்பது மணிக்குத் தொடங்கி மூன்றரைக்கு விடுகிற பள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் ஆறரை மணி நேரம் இருப்பதுபோல வெளியே இருந்து பார்ப்பவர்களுக்குத் தோன்றும். பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போய்ச் சேர முக்கால் மணி, திரும்பி வந்து பள்ளி வாசலில் நிற்க முக்கால் மணி. மிச்சம் ஐந்து மணி நேரம். அதிலும் தேர்வு என்றால் அரை நாள், பெற்றோர் கூட்டம் என்றால் பாதி காலை போய்விடும். ஆண்டு விடுமுறை தனி. பள்ளி ஆண்டுக்கு ஏறத்தாழ 180 முதல் 220 நாள் நடக்கும். பெரும்பாலான அலுவலகங்கள் அதைவிட நிறைய நாள் திறந்திருக்கும். நடுவில் விழுகிற நாட்களை இரண்டு பேர் இருக்கிற வீட்டில் ஆளுக்குப் பாதியாக விடுப்பு எடுத்து ஒப்பேற்றிவிடலாம். ஒருத்தி மட்டும் இருக்கிற வீட்டில் அத்தனையும் அவள் தலையில்தான்.

"அது உங்க சொந்தப் பிரச்சினை" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. எட்டு மணி நேர வேலை நாள் என்பது மனிதர்கள் உட்கார்ந்து போட்ட கணக்கு. எட்டு மணி உழைப்பு, எட்டு மணி பொழுதுபோக்கு, எட்டு மணி ஓய்வு என்று பிரிட்டனின் ஆலை முதலாளியும் சீர்திருத்தவாதியுமான ராபர்ட் ஓவன் 1817-இல் முழக்கம் வைத்தார். விடிந்தது முதல் இருட்டும் வரை ஆலையில் கிடந்த காலத்தில் அது எவ்வளவு பெரிய கோரிக்கை! 1919-இல் சர்வதேச தொழிலாளர் அமைப்பு தொடங்கியபோது அதன் முதல் உடன்படிக்கையே ஆலைகளில் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்பதுதான். அதற்காகப் போராடியவர்களை நான் கும்பிடுகிறேன். ஆனால் அந்த மூன்று எட்டையும் கூட்டிப் பாருங்கள். சமைக்க, துவைக்க, காய்ச்சல் வந்த பிள்ளைக்கு நெற்றியில் துணி நனைத்துப் போட எந்த எட்டில் இடம்? வீட்டில் இன்னொருத்தி இருந்து அதையெல்லாம் பார்த்துக்கொள்வாள் என்று வைத்துத்தான் கணக்கே போடப்பட்டது. வேலைக்குப் போகிறவளும் அந்த இன்னொருத்தியும் ஒரே ஆளாக இருந்தால் கணக்கு எப்படி உதைக்காமல் இருக்கும்?

நான் வேலை தேடிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு நேர்காணல் ரொம்ப நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. நேர்காணல் செய்தவர் பழைய அனுபவத்தைக் கேட்டார், மென்பொருள் தெரியுமா என்று கேட்டார், தலையாட்டிக்கொண்டே குறிப்பெடுத்தார். பிறகு படிவத்தில் கணவர் பெயர் எழுத வேண்டிய கட்டத்தில் வந்து விரல் நின்றது. "அப்போ குழந்தையை யாரும்மா பார்த்துப்பாங்க?" என்றார். பதில் சொல்லி முடிப்பதற்குள் பேனாவை மூடிவிட்டார். அந்த "ம்மா"வில் அன்பு இருந்தது, அதை மறுக்கவில்லை. வேலை மட்டும் கிடைக்கவில்லை. இதே கேள்வியை ஒரு அப்பாவிடம் யாராவது கேட்டதாக நான் இதுவரை கேள்விப்பட்டதே கிடையாது.

அதன்பிறகு நான் போன இடங்களில் ஒரு கேள்வியை நானே முந்திக்கொண்டு கேட்டேன். "இந்த வேலையில் மூன்று மணிக்கு மேல் என்னென்ன நடக்கும்?" சில இடங்களில் தெளிவாகப் பதில் வந்தது. மாலையில்தான் வாடிக்கையாளர்கள் வருவார்கள், ஆள் தேவை என்றார்கள். நியாயம், நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஒரு சிறிய நிறுவனத்தில் கணக்கு எழுத முழுநேர ஆள் தேடினார்கள். இதே கேள்வியைக் கேட்டதும் முதலாளி கொஞ்சம் யோசித்தார். பில் எல்லாம் காலையில் வந்துவிடும், வங்கி வேலை மதியத்துக்குள் முடிந்துவிடும், அதற்கு மேல் பெரிதாக ஒன்றும் இல்லை என்று அவர் வாயாலேயே வந்தது. பத்து முதல் இரண்டரை என்று பேசி முடித்தோம். அவருக்கும் முழுநேரச் சம்பளம் கொடுக்க வேண்டிய தேவை இல்லாமல் போனது.

தேடுகிற தோழிகளுக்கு இதில் ஒரு வழி இருப்பதாக நினைக்கிறேன். "பகுதிநேரம்" என்ற சொல்லை நம்பித் தேடாதீர்கள். மாலை ஐந்து முதல் ஒன்பது வரை என்பதும் பகுதிநேரம்தான், நமக்கு அதனால் என்ன பயன்? எந்த வேலையின் பரபரப்பு நேரம் பள்ளி நேரத்துக்குள் விழுகிறது என்று பாருங்கள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் கூட்டம் காலையில். உணவகங்களில் மதியச் சாப்பாட்டு நேரம். மருத்துவமனைகளில் காலை வெளிநோயாளிப் பிரிவின் வரவேற்பு. பள்ளியிலேயே அலுவலகம், நூலகம், உதவி ஆசிரியர் வேலை என்றால் விடுமுறையும் சேர்ந்து வரும், அதைவிடப் பொருத்தமானது கிடைப்பது அரிது. அதனாலேயே போட்டியும் அதிகம். முழுநேரக் கணக்காளரை வைத்துக்கொள்ள முடியாத சின்ன நிறுவனங்கள் இரண்டு மூன்றைச் சேர்த்துப் பிடித்தால் ஒரு சம்பளம் தேறும். டியூஷன் எடுக்கச் சொல்லி எல்லோரும் யோசனை சொல்வார்கள். மற்ற பிள்ளைகள் வருகிற நேரம்தான் நம் பிள்ளை வீட்டில் இருக்கிற நேரமும் என்பதை அவர்கள் யோசிப்பதில்லை.

வீட்டிலிருந்தே வேலை என்பதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பயண நேரம் மிச்சம், அது பெரிய விஷயம்தான். ஆனால் நான்கு வயதுப் பிள்ளை மடியில் இருக்கும்போது வாடிக்கையாளரிடம் போனில் பேச முடியாது. பிள்ளை பள்ளியில் இருக்கிற நேரத்தில் முடிகிற வேலையா, நாம் விரும்புகிற நேரத்தில் செய்து கொடுக்கலாமா, அல்லது நாள் முழுக்க நாம் ஆன்லைனில் இருப்பதைக் காட்டும் பச்சை விளக்கு திரையில் எரிய வேண்டுமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். இன்னொன்று, வீட்டிலிருந்தே தட்டச்சு செய்து சம்பாதிக்கலாம், பதிவுக் கட்டணம் மட்டும் கட்டுங்கள் என்று வருகிற செய்திகள். நம்மைப் போன்றவர்களின் அவசரத்தைக் குறிவைத்தே அனுப்புகிறார்கள். வேலை கொடுக்கிறவர் நமக்குப் பணம் தர வேண்டும். நம்மிடம் முன்பணம் கேட்டால் அந்த எண்ணை அப்போதே தடுத்துவிடுங்கள்.

சம்பளம் பேசும்போது கூச்சப்படாதீர்கள். ஐந்து மணி நேரச் சம்பளத்துக்கு எட்டு மணி நேர வேலையைத் திணிப்பது ரொம்ப சகஜம். "சீக்கிரம் போக விடுறோமே" என்று அதை ஏதோ சலுகைபோலப் பேசுவார்கள். என்னென்ன வேலை, எத்தனை மணிக்குக் கிளம்பலாம், பிள்ளைக்கு உடம்பு சரியில்லாத நாளில் என்ன ஏற்பாடு, மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். பகுதிநேரமாக உழைக்கிறவருக்கு, பகுதிநேரம் என்ற காரணத்துக்காகவே, ஒரு மணி நேரத்துக்கான ஊதியத்தைக் குறைத்துத் தரக்கூடாது என்று 1994-ஆம் ஆண்டின் சர்வதேச உடன்படிக்கை ஒன்றே இருக்கிறது. ஏற்றுக்கொண்ட நாடுகள் குறைவு என்பதுதான் வருத்தம்.

2023-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற கிளாடியா கோல்டின் இதைத்தான் பல ஆண்டுகளாக ஆராய்ந்தார். எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் வருகிற ஆளுக்குச் சில வேலைகள் அளவுக்கு மீறிக் கொட்டிக் கொடுக்கின்றன, பிள்ளையைப் பார்க்க வேண்டியவர் அங்கே பின்தங்கிப் போகிறார் என்கிறார். ஆனால் அமெரிக்க மருந்தாளுநர்களிடம் அவரும் சக பொருளாதார அறிஞர் லாரன்ஸ் காட்ஸும் வேறொன்றைக் கண்டார்கள். நோயாளியின் விவரம் கணினியில் இருக்கிறது, ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் தொடரலாம். அதனால் அங்கே குறைந்த நேரம் வேலை செய்தாலும் ஒரு மணி நேரத்துக்கான ஊதியத்தில் பெரிய இழப்பு இல்லை. நான் இல்லாவிட்டால் எதுவும் நடக்காது என்கிற மாதிரி வேலையை அமைப்பது நிர்வாகத்தின் வசதி, அதற்கான விலையை நாம் கொடுக்கிறோம்.

சட்டமும் உதவ முடியும். நெதர்லாந்தில் 2000-ஆம் ஆண்டிலேயே வேலை நேரத்தைக் குறைத்துக் கேட்கும் உரிமையைச் சட்டமாக்கினார்கள். பிரிட்டனில் 2003-இல் சிறு குழந்தைகளின் பெற்றோருக்கு நேர மாற்றம் கேட்கும் உரிமை வந்தது, 2014-இல் எல்லா ஊழியர்களுக்கும் விரிந்தது, 2024 ஏப்ரலிலிருந்து சேர்ந்த முதல் நாளே கேட்கலாம். கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை, நிறுவனம் காரணம் சொல்லி மறுக்கலாம். இருந்தாலும் கேட்பதற்கே வேலை போய்விடுமோ என்று நடுங்குகிற நிலைக்கும் இதற்கும் எவ்வளவு தூரம்!

ஆள் எடுக்கிற இடத்தில் இருப்பவர்கள் இதைப் படித்தால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அடுத்த விளம்பரத்தில் "முழுநேரம்" என்று பழக்கத்தில் எழுதுவதற்கு முன், அந்த வேலை மூன்று மணிக்கு மேலும் உண்மையிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் 9.30 முதல் 2.30 வரை என்று மணியைப் போட்டே எழுதுங்கள். எங்களில் எத்தனை திறமைசாலிகள் விண்ணப்பிக்கிறோம் என்று அப்போது தெரியும்.