நம்பும்படியான கதை என்றாலே சந்தேகம்தான்

'வயர்லெஸ் ஃபிடிலிட்டி என்பதன் சுருக்கமே வைஃபை' என்ற தகவல் இன்று மூன்றாவது முறையாக எனக்கு வந்து சேர்ந்தது. அனுப்பியவர்கள் மூவரும் படித்தவர்கள். தனித்தனியாக மறுத்து மறுத்துக் கை வலிக்கிறது. ஒரேயடியாக இங்கே எழுதிவிடுகிறேன்.

வைஃபை எதற்கும் சுருக்கம் அல்ல. '802.11பி' என்ற கம்பியில்லா இணைப்புத் தரத்தின் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. அதனால் 1999இல் இன்டர்பிராண்ட் என்ற, பெயர் வைப்பதையே தொழிலாகக் கொண்ட நிறுவனத்திடம் காசு கொடுத்து வாங்கிய பெயர் அது. துல்லியமான ஒலி தரும் கருவிகளைக் குறித்த பழைய 'ஹைஃபை'யின் சாயல் இருந்ததால் காதில் எளிதாக உட்கார்ந்தது. அந்த ஃபிடிலிட்டி பிற்பாடு விளம்பர வாசகத்தில் ஒட்டவைத்தது. பிள்ளை பிறந்த பிறகு ஜாதகத்தைத் திருத்திய கதைதான்.

இப்படித்தான் ஆங்கிலத்தில் பூச்சி என்று பொருள்படும் 'பக்'கும். மென்பொருள் பிழைக்கு அந்தப் பெயர் வந்ததே கணினிக்குள் ஒரு பூச்சி சிக்கியதால்தான், அதைப் பிடித்தவர் அமெரிக்கக் கணினி அறிஞர் கிரேஸ் ஹாப்பர் என்பார்கள். பூச்சி சிக்கியது உண்மை. 1947 செப்டம்பர் 9 அன்று, ஹார்வர்டின் மார்க் 2 கணினியில், எஃப் பலகையின் 70ஆம் ரிலேயில் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) ஓர் அந்துப்பூச்சி அகப்பட்டது. அதைப் பதிவேட்டிலேயே நாடா போட்டு ஒட்டி, அருகில் ஒரு வரி எழுதினார்கள்: 'பக் உண்மையிலேயே கண்டுபிடிக்கப்பட்ட முதல் சம்பவம்.' அந்த 'உண்மையிலேயே'வைக் கவனியுங்கள். அந்தச் சொல் ஏற்கெனவே பழுது என்ற பொருளில் புழங்கியிருந்தால்தானே இந்தக் கிண்டலே பிறக்கும்! எடிசன் 1878இலேயே ஒரு கடிதத்தில் கருவிகளின் சில்லறைக் கோளாறுகளை 'பக்' என்று குறிப்பிட்டிருக்கிறார். ஹாப்பர் பூச்சியைப் பிடித்தவர் அல்ல. கதையை ஊரெல்லாம் சுவையாகச் சொன்னவர். ஒட்டிய பூச்சியோடு அந்தப் பக்கம் இன்றும் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இதற்கு நேர்மாறு புளூடூத். பத்தாம் நூற்றாண்டு டென்மார்க் அரசர் ஒருவரின் பல்லுக்கும் நம் காதொலிக் கருவிக்கும் உறவு என்றால் யாராவது கட்டிவிட்டது என்றுதான் தோன்றும். ஆனால் முழுக்க நிஜம். ஹரால்ட் என்ற அந்த அரசருக்கு 'நீலப்பல்' என்பது பட்டப்பெயர். கறுத்துச் செத்துப்போன பல் ஒன்று இருந்ததால் என்பது பரவலான விளக்கம். டென்மார்க் முழுவதையும் நார்வேயையும் வென்றவன் நான் என்று யெல்லிங் ஊரில் கல்லில் வெட்டி வைத்தவர். கணினியையும் கைப்பேசியையும் இணைக்கும் திட்டத்துக்கு இன்டெல் பொறியாளர் ஜிம் கார்டாக், 1990களின் பிற்பகுதியில், தற்காலிகமாக அந்தப் பெயரைச் சொன்னார். நிரந்தரப் பெயராக யோசித்த 'ரேடியோவயர்', 'பான்' இரண்டும் வணிக முத்திரைச் சிக்கல்களில் மாட்டிக்கொள்ள, தற்காலிகமே நிலைத்துவிட்டது. உங்கள் கைப்பேசியில் அந்த நீலச் சின்னத்தை உற்றுப் பாருங்கள்: அவர் பெயரின் முதலெழுத்துகளான இரண்டு ரூன் எழுத்துகள் (பழைய வட ஐரோப்பிய எழுத்துகள்) ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும்.

என் காதொலிக் கருவி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இணைப்பை அறுத்துக்கொள்கிறது. முன்பெல்லாம் கோபம் வரும். இத்தனை நாட்டை இணைத்த ஹரால்டைச் சொந்த மகன் ஸ்வெய்னே கலகம் செய்து துரத்திவிட்டான் என்று படித்த பிறகு, ஒன்றும் சொல்லாமல் மறுபடி இணைக்கிறேன்.