நவம்பருக்கு முன்பே முடிந்துவிடும் தேர்தல்

அமெரிக்கத் தேர்தல் என்றாலே எல்லோரும் நவம்பரைத்தான் பார்க்கிறோம். ஆனால் அங்கே முக்கால்வாசித் தொகுதிகளில், கட்சிகள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரியிலேயே கதை முடிந்துவிடுகிறது.

2018 ஜூன், நியூயார்க்கின் 14-வது தொகுதி. பத்து முறை ஜெயித்த ஜோ கிரௌலியை, 28 வயது அலெக்சாண்ட்ரியா ஒகாசியோ-கோர்டெஸ் ஜனநாயகக் கட்சி பிரைமரியில் வீழ்த்தினார். புரட்சி என்று கொண்டாடினார்கள். சரி, கொண்டாடட்டும். எனக்கு உறுத்தியது வேறு: ஏறத்தாழ 7 லட்சம் பேர் வாழும் தொகுதியில் அன்று விழுந்தவை சுமார் 30,000 வாக்குகள். அது கட்சியின் கோட்டை என்பதால் நவம்பர் வெறும் சடங்கு.

மற்றவர்கள் வராததற்குச் சோம்பல் மட்டும் காரணமில்லை. நியூயார்க்கில் கட்சியின் பெயரில் பதிவு செய்தவர்களுக்கு மட்டுமே அதன் பிரைமரியில் வாக்கு. அந்த முறை கட்சி மாறிப் பதிவு செய்ய, முந்தைய ஆண்டு அக்டோபரோடு கெடு முடிந்திருந்தது. 2016-ல் டிரம்பின் மகள் இவாங்காவும் மகன் எரிக்கும் இப்படித்தான் கெடுவைத் தவறவிட்டு, பெற்ற அப்பாவுக்கே பிரைமரியில் வாக்களிக்க முடியாமல் போனார்கள்!

அதற்காகப் பழைய முறையே மேல் என்பவர்களோடு நான் சேர மாட்டேன். 1968-ல் அப்போதைய துணை அதிபர் ஹியூபர்ட் ஹம்ஃப்ரி ஒரு பிரைமரியில்கூட நிற்காமல், கட்சிப் பெருந்தலைகளின் தயவில் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளரானார். அவரைத் தேர்ந்தெடுத்த சிகாகோ கட்சி மாநாட்டுக்கு வெளியே தெருவில் போராடியவர்களின் மண்டை உடைந்தது. அப்புறம்தான் விதிகள் மாறி, பிரைமரி வாக்குக்கு வலு வந்தது.

வாக்களிப்பவர்கள் கொஞ்சம் பேர் என்றால், பதவியில் இருப்பவர் பயப்படுவதும் அந்தக் கொஞ்சம் பேருக்குத்தான். 2021-ல் டிரம்ப் மீதான பதவிநீக்கத் தீர்மானத்தை ஆதரித்த குடியரசுக் கட்சி கீழவை உறுப்பினர்கள் 10 பேர். அடுத்த தேர்தலில் 4 பேர் நிற்கவே இல்லை, 4 பேர் பிரைமரியில் தோற்றார்கள். தப்பித்த இருவரும் கலிஃபோர்னியா, வாஷிங்டன்காரர்கள். அங்கே எல்லாக் கட்சிக்காரர்களுக்கும் ஒரே பிரைமரி, முதல் இரண்டு இடக்காரர்கள் நவம்பருக்குப் போவார்கள். (தோற்ற நால்வரில் ஒருவரும் வாஷிங்டன்தான். அதை மறைத்துவிட்டு வாதாடக் கூடாது.)

என் வாக்கு அலாஸ்கா முறைக்கு. அங்கே பொதுப் பிரைமரியிலிருந்து நான்கு பேர் போகிறார்கள், நவம்பரில் மக்கள் அவர்களை விருப்ப வரிசைப்படி குறிக்கிறார்கள். 2024-ல் அதை ஒழிக்கப் பொதுவாக்கெடுப்பு வந்தபோது, மாநிலக் குடியரசுக் கட்சியும் ஒழிக்கும் பக்கமே நின்றது. ஆயிரத்துக்கும் குறைவான வாக்கு வித்தியாசத்தில் அந்த முறை தப்பிப் பிழைத்தது.