டயரின் பக்கவாட்டில் உள்ள எண் காற்றழுத்தப் பரிந்துரை அன்று

“எடை குறைந்த ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் அழுத்தம் வரை காற்றடித்தால்தான் சாலையில் பிடிப்பு கிடைக்கும்” என்று பரவிவரும் தகவல் தவறானது, ஆபத்தானதும்கூட.

அந்த எண், பெரும்பாலும் 44 அல்லது 51 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்னும் அழுத்த அளவு), டயர் தாங்கக்கூடிய உச்ச அழுத்தத்தையே குறிக்கிறது. ஒரே டயர் பல எடையுள்ள கார்களில் பொருத்தப்படுவதால், எந்தக் காருக்கு எவ்வளவு காற்று என்பதை டயர் நிறுவனம் அதில் அச்சிட முடியாது. அதைக் கார் நிறுவனம் முடிவுசெய்து, ஓட்டுநர் கதவின் சட்டத்தில் ஒட்டியிருக்கும். ஏறத்தாழ ஆயிரம் கிலோ எடையுள்ள முதல் தலைமுறை மஸ்டா எம்.எக்ஸ்-5 காருக்கு அது 26 பி.எஸ்.ஐ. மட்டுமே, இன்றைய தலைமுறைக்கு 29.

சுமை குறைவாக இருக்கும்போது அழுத்தத்தை ஏற்றினால், டயர் தரையைத் தொடும் பரப்பு சுருங்கி, நடுப்பகுதி மட்டும் தேய்ந்து, மேடுபள்ளமான வளைவில் கார் துள்ளிப் பிடிப்பை இழக்கும். அதற்காக, எடை குறைவுதானே என்று பரிந்துரைத்த அளவுக்கும் கீழே இறக்குவதும் சரியன்று. ஓரங்கள் தேய்வதோடு டயர் உள்ளுக்குள் சூடேறிச் சிதையவும் கூடும்.

கார் குறைந்தது மூன்று மணி நேரம் நின்ற பிறகே அழுத்தத்தை அளக்க வேண்டும். வெப்பநிலை 5 அல்லது 6 டிகிரி செல்சியஸ் மாறினாலே அழுத்தம் ஏறத்தாழ 1 பி.எஸ்.ஐ. மாறும். ஆகவே நெடுந்தூரம் ஓடிச் சூடான டயரில் அளவு கூடுதலாகக் காட்டுகிறதென்று காற்றை இறக்கிவிடாதீர்கள்.