பத்து வருஷம் தாண்டிய வண்டியைத் தொட மாட்டார்களாம்

என் மோட்டார்ஹோமை, அதாவது படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ளேயே இருக்கும் வீட்டு வண்டியை, பழுது பார்க்க இன்று காலை நாலாவது பட்டறைக்குப் போன் செய்தேன். அங்கேயும் அதே பதில். "என்ன வருஷ மாடல்?" என்று கேட்டார். 2006 என்றேன். "சாரி, பத்து வருஷம் தாண்டியதை நாங்கள் எடுப்பதில்லை." என்ன பழுது என்றுகூடக் கேட்கவில்லை. போனை வைத்துவிட்டார்.

அவர் கேட்காததை இங்கே சொல்கிறேன். இந்த வகை மோட்டார்ஹோமில் டிரைவர் சீட்டுக்கு மேலே மூக்கு மாதிரி முன்னால் நீட்டிக்கொண்டு ஒரு படுக்கை இருக்கும். அதன் முன் ஓரத்தில் தண்ணீர் இறங்குகிறது. போன வாரம் மழை விட்டதும் மெத்தையைத் தூக்கி, அடியில் இருந்த பிளைவுட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். டீயில் நனைத்த ரஸ்க் மாதிரி விரல் உள்ளே போய்விட்டது. சுவரை ஒட்டிய பலகையைப் பிரித்தால் பின் அடித்த இடமெல்லாம் துரு. அதற்குப் பின்னால் இருந்த கண்ணாடிப் பஞ்சு பழுப்பேறி, பிழிந்தால் தண்ணீர் சொட்டுகிற நிலையில் இருந்தது.

நேற்று ஆரம்பித்த கசிவு இல்லை இது. எனக்கு முன்னால் வைத்திருந்தவர் ஜன்னல் சட்டத்தைச் சுற்றி ட்யூபில் வரும் சிலிக்கான் பசையை அப்பி வைத்திருக்கிறார். சட்டத்தைக் கழற்றி, காய்ந்துபோன டேப்பைச் சுரண்டி, தண்ணீர் புகாமல் அடைக்கும் புது பியூட்டைல் டேப் ஒட்டித் திரும்ப மாட்டுவது ஒரு நாள் வேலை. அதைச் செய்யாமல் மேலே ஒரு கோடு இழுத்துவிட்டு, பெயின்ட்டும் அடித்து விற்றுவிட்டார். தண்ணீர் அடங்கவில்லை, வேறு வழி தேடிக்கொண்டது. காய்ந்த சிலிக்கான் மேல் வேறு எந்தப் பூச்சும் பிடிக்காது, புதுச் சிலிக்கானே சரியாகப் பிடிக்காது. மூன்று நாளாக ஏணியில் நின்று பிளாஸ்டிக் கத்தியால் சுரண்டிக்கொண்டிருக்கிறேன். எனக்கு வயது 67. யாராவது பழைய வண்டி வைத்திருந்தால் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன், சிலிக்கான் ட்யூபோடு கூரையில் ஏறாதீர்கள்.

இதே ஆள்தான் "டயர் புதுசு மாதிரி" என்றும் சொன்னார். பட்டன் ஆழமாகத்தான் இருந்தது. டயரின் பக்கவாட்டில் டாட் (DOT) என்று தொடங்கும் எண்ணின் கடைசி நாலு இலக்கத்தை வாங்கிய பிறகுதான் பார்த்தேன். 2212. அதாவது 2012ஆம் வருஷத்தின் 22ஆவது வாரம் செய்த டயர். நான் வாங்கியது 2021இல். இந்த வண்டிகளில் டயர் தேய்வதற்கு முன்னால் நின்ற இடத்திலேயே வயதாகிக் கெட்டுவிடும். ஆறேழு வருஷத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. டெக்சஸ் வெயிலில் நெடுஞ்சாலையில் ஒன்று வெடித்திருந்தால்? பின்னால் இரட்டைச் சக்கரம், மொத்தம் ஆறையும் மாற்றினேன். சரி, அது போகட்டும். பணம் போனாலும் டயரை மாட்டிக் கொடுக்க ஆள் இருந்தார்கள்.

வண்டியின் வீட்டுப் பகுதிக்குத்தான் ஆளே இல்லை. எஞ்சினும் சேசிஸும் ஒரு கார் கம்பெனி செய்தது. அதன் மேல் வீட்டைக் கட்டியது இன்னொரு கம்பெனி. அமெரிக்காவில் இந்த வண்டிகளில் பெரும்பகுதி இண்டியானாவில் எல்கார்ட் ஊரைச் சுற்றித்தான் தயாராகிறது. உள்ளே இருக்கும் ஃப்ரிட்ஜ், ஹீட்டர், அடுப்பு எல்லாம் வேறு வேறு கம்பெனிகள். போன வருஷம் ஃப்ரிட்ஜ் குளிராமல் போனபோது, ஃப்ரிட்ஜ்காரர் "பின்னால் காற்றோட்டம் சரியாக விடவில்லை, கட்டியவரிடம் கேளுங்கள்" என்றார். கட்டியவரைக் கேட்க வழியில்லை, கம்பெனியே மூடியாகிவிட்டது. அந்தக் காலத்தில் அப்படிப் பல போயின. ஃப்ளீட்வுட், மொனாக்கோ மாதிரி பெரிய கம்பெனிகளே 2009 மார்ச்சில் திவால் மனு கொடுத்தன. சுவருக்குள் எந்த ஒயர் எங்கே போகிறது என்பதற்கு என்னிடம் ஒரு வரைபடம்கூடக் கிடையாது. ஒரு விளக்கு எரியாததைக் கண்டுபிடிக்க நான் இரண்டு நாள் அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு கிடந்தேன்.

பட்டறைக்காரர்கள் சொல்லும் சாக்கு, உதிரிபாகம் கிடைக்காது என்பது. சுத்தப் பொய். கூரை வென்ட் ஓட்டை அன்றும் 14 அங்குலச் சதுரம், இன்றும் அதுதான். தண்ணீர் பம்ப்பும் 12 வோல்ட் கன்வர்ட்டரும் ஆர்டர் போட்டால் நாலு நாளில் வாசலுக்கு வருகின்றன. பிளைவுட்டுக்கு மாடல் வருஷம் உண்டா? விஷயம் வேறு. புது வண்டியில் வாரன்ட்டி வேலையும் இன்சூரன்ஸ் வேலையும் வரிசையில் நிற்கின்றன. பழைய வண்டியைத் திறந்தால் உளுத்தது எவ்வளவு தூரம் போகிறது என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. சரி, அதையே சொல்லுங்களேன்! "எவ்வளவு ஆகும் என்று தெரியாது, மணிக்கு 180 டாலர், திறந்து பார்த்துச் சொல்கிறோம்" என்றால் நான் கையெழுத்துப் போடத் தயார். பார்க்காமலே வருஷத்தை வைத்துத் தள்ளிவிடுவது என்ன நியாயம்?

பட்டறை மட்டுமா? வண்டியை நிறுத்தி ராத்திரி தங்கும் தனியார் முகாம்கள் பலவற்றிலும் இதே பத்து வருஷ விதி உண்டு. போன கோடையில் ஒரு இடத்தில் "வண்டியின் போட்டோ அனுப்புங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறோம்" என்றார்கள். நான் வண்டியைக் கழுவிவிட்டு நாலு பக்கமும் படம் எடுத்து அனுப்பினேன். பதிலே வரவில்லை. என் மனைவி பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். 31 வருஷம் ஆஸ்பத்திரியில் இரவு ஷிஃப்ட் பார்த்தவள். ஓய்வு பெற்றதும் ஊர் ஊராகப் போகலாம் என்று நான் சொன்னதை நம்பி இந்த வண்டிக்குச் சேமிப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தவள்.

தேசியப் பூங்காக்களில் இந்தத் தொல்லை இல்லை. நாங்கள் போன எந்தப் பூங்காவிலும் வண்டியின் நீளத்தைத்தான் கேட்டார்கள், வயதைக் கேட்டதில்லை. 62 வயதானவர்களுக்கு 80 டாலரில் வாழ்நாள் பாஸ் கொடுக்கிறார்கள், நாங்கள் ஆளுக்கொன்று வாங்கி வைத்திருக்கிறோம். நவம்பரில் டெக்சஸிலேயே இருக்கும் பிக் பெண்ட் தேசியப் பூங்காவுக்குப் போக இடம் பதிவு செய்தாகிவிட்டது. அங்கே ராத்திரி வானம் அவ்வளவு இருட்டாக இருக்கும், பால்வீதி தெளிவாகத் தெரியும் என்று அவள் எத்தனையோ தடவை சொல்லிவிட்டாள்.

வீட்டுக்கே வந்து பார்க்கும் மெக்கானிக் ஒருவர் இருக்கிறார், நல்ல மனிதர், வருஷம் கேட்க மாட்டார். ஆனால் ஏழு வாரத்துக்கு அவரிடம் நாளே இல்லை. அதுவரை கூரையில் தார்ப்பாய் கட்டி வைத்திருக்கிறேன். பிளைவுட் ஒரு ஷீட் வாங்கி வந்து கராஜில் சாய்த்து வைத்தாயிற்று. நாளைக் காலை எட்டு மணிக்கு ஐந்தாவது பட்டறையைக் கூப்பிடப் போகிறேன். என்ன வருஷம் என்று கேட்டால், முதலில் என்ன பழுது என்று கேளுங்கள் ஐயா என்று சொல்லப் போகிறேன்.